தாயைப் பார்த்துக் குட்டி வாங்கு!

ஏற்காட்டில் மார்கழிப் பனி கொட்டுகிறது.

காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வீடு. வீட்டின் பின்புறம் விறகுக் கொட்டகை. கொட்டகையில் ஒரு கிழிந்த சாக்கு. சாக்கின்மேல் ஆறு நாய்க்குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடக்கின்றன.

குட்டிகளுக்குச் சொந்தக்காரர் ஓர் இளைஞர். ஆசைக்கு ஒரு பெண் நாய் வளர்த்தார். அது சினையாகிக் குட்டி போட்டுவிட்டது. இதுதான் முதல் ஈற்று. "விற்றால் நாலு காசு வருமே" என்று நினைத்தார். வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்.

சேலத்தில் இருந்து ஒரு குடும்பம் மலையைச் சுற்றிப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, 9 வயதுப் பெண் குழந்தை. அட்டையைப் பார்த்தார்கள். உள்ளே போனார்கள். அவ்வளவுதான்! குழந்தை ஒரு குட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா, இதை வாங்கிக் கொடுங்கப்பா! நானே குளிப்பாட்டுவேன். நானே சோறு வைப்பேன்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குட்டியைப் பார்த்தார். குட்டி குழந்தையின் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட காட்சி சேர்வராயன் மலையிலும் நடக்கும். சென்னையிலும் நடக்கும். எந்த ஊரிலும் நடக்கும்.

அனுபவம் இல்லாத ஒருவர் குட்டி விற்கிறார். அவரிடம் வாங்கலாமா? வாங்கக்கூடாதா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. நின்று, நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆசை வருவது ஒரு நிமிடத்தில். வளர்ப்பதோ பத்துப் பன்னிரண்டு வருடம். அந்த 9 வயதுக் குழந்தை கல்லூரியை முடிக்கும்வரை அந்த நாய் வீட்டில் இருக்கும்!

அனுபவம் இல்லாதது குற்றமா?

இல்லை.

எல்லோருக்கும் ஒரு முதல் ஈற்று உண்டு. இன்று பேர் பெற்ற வளர்ப்பாளர்களும் ஒரு நாள் ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தார்கள்.

சில விஷயங்களில் புதியவரே மேல். அவருக்கு ஒரே ஒரு நாய். அதைத் தன் வீட்டுப் பிள்ளையைப் போல வளர்த்திருப்பார். குட்டிகள் மனிதர்களின் நடுவில், அடுப்பங்கரைச் சத்தத்தில் வளர்ந்திருக்கும். அவை ஆளைக் கண்டால் பயப்படாது.

அனுபவம் மட்டும் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. இதற்கு ஓர் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது.

லூசி என்று ஒரு பெண் நாய். வேல்ஸ் நாட்டில் நாய்க்குட்டிகளைத் தொழிற்சாலைபோல உற்பத்தி செய்த ஓர் இடத்தில் அது இருந்தது. கூண்டிலேயே வாழ்க்கை. ஓர் ஈற்று முடிந்தால் அடுத்த ஈற்று. 2013-ல் அதை மீட்டார்கள். அப்போது அதன் முதுகெலும்பே வளைந்து போயிருந்தது. நெடுநாள் கூண்டில் அடைபட்டுக் கிடந்ததன் பலன்! அங்கே குட்டி எடுத்தவர்களுக்கு அனுபவம் இல்லையா? நிறைய இருந்தது. இரக்கம்தான் இல்லை.

2016-ல் லூசி இறந்தது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதை "லூசி சட்டம்" என்றே அழைக்கிறார்கள். இடைத்தரகர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக்கூடாது. வளர்த்தவரே விற்க வேண்டும். குட்டி பிறந்த இடத்திலேயே, அதைத் தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும்.

ஆகவே கேள்வி "அனுபவம் உண்டா?" என்பது அல்ல. "காட்டுகிறாரா, மறைக்கிறாரா? கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா, தெரிந்ததுபோல் நடிக்கிறாரா?" என்பதுதான் கேள்வி.

தாய் எங்கே?

தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்பது நம் நாட்டுப் பழமொழி. நாய்க்குட்டி விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

குட்டியைப் பார்த்து மயங்கக்கூடாது. ஐந்து வாரத்துக் குட்டிகள் எல்லாமே அழகுதான். முதலில் தாயைப் பார்க்க வேண்டும்.

தாய் எலும்பும் தோலுமாக இருக்கிறதா? ஆளைக் கண்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்குகிறதா? காரணம் இல்லாமல் சீறுகிறதா? தோலில் சொறி, உண்ணி இருக்கின்றனவா? தாயின் குணமும் நோயும் குட்டிக்கு வரும். குட்டி போட்ட தாய் கொஞ்சம் உறுமுவது இயற்கை. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தடவிக்கொடுத்ததும் அது அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"தாய் வெளியூரில் இருக்கிறது, சார்" என்று சொன்னால்? அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான்.

அடுத்த கேள்வி: தகப்பன் எது?

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். "பக்கத்துத் தோட்டத்து நாய், சார். இதோட அண்ணன்தான்" என்று வெள்ளந்தியாகச் சொல்லுவார்கள். உடன்பிறந்த நாய்களைச் சேர்த்தால், வம்சத்தில் மறைந்து கிடக்கும் குறைகள் குட்டியில் வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

நம்முடைய ராஜபாளையம் நாயையே பாருங்கள். பால் வெள்ளை நிறம். இளஞ்சிவப்பு மூக்கு. காவலுக்குக் கெட்டிக்காரன். 2005-ல் இந்தியத் தபால் இலாகா நாய் இனங்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டது. அப்போது ராஜபாளையம் நாய்க்கும் ஒரு ஸ்டாம்பு கிடைத்தது. தமிழ்நாட்டுக்குப் பெருமை!

ஆனால் இந்த இனத்தில் ஒரு குறை உண்டு. சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். காரணம் அந்த வெள்ளை நிறத்தோடு சம்பந்தப்பட்டது. உடலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் காதின் உள்ளேயும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால் காது கேட்காது. வெளிநாட்டு டால்மேஷன் நாய்க்கும் இதே குறை உண்டு.

செவிட்டுக் குட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டமாக இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. மற்றக் குட்டிகள் ஓடினால் அதுவும் பின்னாலேயே ஓடும். குட்டியைத் தனியாக எடுக்க வேண்டும். அது தூங்கும்போது, பின்பக்கம் சற்றுத் தள்ளி நின்று, ஒரு பாத்திரத்தைத் தட்ட வேண்டும். விழித்துப் பார்த்தால் நல்லது. தரையைத் தட்டக்கூடாது. அதிர்ச்சியை உணர்ந்து எழுந்துவிடும். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலிப் பேச்சில் நம் நாட்டு நாய்களைப் பாராட்டினார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்களையும் சொன்னார். பெயர் பரவினால் கிராக்கி ஏறும். கிராக்கி ஏறினால், நேற்றுவரை நாயே வளர்க்காதவரும் இன்று குட்டி விற்க இறங்குவார். வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"பேப்பர் இருக்கிறது" என்று சிலர் காட்டுவார்கள். இந்தியக் கென்னல் கிளப் கொடுக்கும் சான்றிதழ் அது. தாய் யார், தகப்பன் யார், எந்த இனம் என்பதை அது சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அது சொல்லாது! இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

எட்டு வாரம் பொறு!

"எத்தனை நாள் ஆச்சு, தம்பி?"

"முப்பத்தஞ்சு நாள் சார். நல்லா சோறு தின்னுது. இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்."

இதுதான் அபாயமான பதில்.

குட்டி பிறந்து இரண்டு வாரம் வரையில் கண் திறக்காது. மூன்றாவது வாரத்தில் தட்டுத் தடுமாறி நடக்கும். நான்கு, ஐந்து வாரத்தில் சோறு நக்கும். சோறு நக்கினால் வளர்ந்துவிட்டது என்று புதியவர் நினைக்கிறார். தவறு!

பால் மறந்தால் மட்டும் போதாது. பாடமும் முடிய வேண்டும். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுகின்றன அல்லவா? அது வெறும் விளையாட்டு இல்லை. பலமாகக் கடித்தால் மற்றது கத்தும். விளையாட்டு நின்றுவிடும். தாயும் ஒரு உறுமல் உறுமி அதட்டும். "இவ்வளவுதான் கடிக்கலாம்" என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. பாடம் முடியுமுன் பிரித்தால், அந்தப் பாடத்தைக் குழந்தையின் கையில்தான் படிக்கும்!

சட்டமும் இதையே சொல்லுகிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் 2017-ல் நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு விதிகள் செய்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயைக் குட்டி போட விடக்கூடாது. குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"ஒரு ஈற்று விற்பதற்குச் சட்டமா?" என்று அந்த இளைஞர் வியப்படையலாம். தெரியாமல் இருப்பது ஆச்சரியம் இல்லை. சொன்ன பிறகும் "அதெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க?" என்று சிரித்தால், அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

ஏழு நாள் கண்டம்

குட்டி வீட்டுக்கு வந்தது. முதல் நாள் துள்ளியது. இரண்டாம் நாள் ஓடியது. ஐந்தாம் நாள் சுருண்டு படுத்தது. வாந்தி. பிறகு இரத்தபேதி. ஏழாம் நாள் இறந்தது. குழந்தை மூன்று நாள் சாப்பிடவில்லை.

எத்தனையோ வீடுகளில் நடந்த கதை இது. இந்த நோயின் பெயர் பார்வோ.

1978 வாக்கில் உலகம் முழுவதும் பரவிய கிருமி இது. உடலுக்குள் புகுந்த பிறகு நோய் வெளியே தெரியச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஆகவேதான் வாங்கும்போது நன்றாக இருந்த குட்டி, வீட்டுக்கு வந்த பிறகு விழுகிறது. வாங்கியவர் விற்றவரைத் திட்டுகிறார். விற்றவர் "என்னிடம் நன்றாகத்தானே இருந்தது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது!

இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண சோப்புக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீருக்குத்தான் அடங்கும். அதனால் ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீட்டுக்கு, ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவரக்கூடாது.

தடுக்க வழி உண்டா? உண்டு. தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை, குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை திருப்பிப் போட வேண்டும்.

ஏன் இத்தனை முறை? தாய்ப்பாலில் வந்த காப்புச் சக்தி குட்டியின் உடலில் சில வாரம் இருக்கும். அது இருக்கும்போது ஊசியின் மருந்தையும் அமுக்கிவிடும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே "ஒரு ஊசி போட்டாச்சு சார், இனிமேல் கவலையில்லை" என்று சொன்னால் நம்பக்கூடாது. கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தேதி இருக்க வேண்டும். மருந்துப் புட்டியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். கையெழுத்து இருக்க வேண்டும்.

குடல் புழுவையும் மறக்கக்கூடாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு குட்டிக்குப் போய்விடும். பாலிலும் போகும். வயிறு மட்டும் பானைபோல உப்பி, கால் குச்சிபோல இருக்கிறதா? "கொழுகொழு" என்று மகிழக்கூடாது. அது புழு வயிறாக இருக்கலாம். குட்டிக்கு இரண்டு வாரத்தில் இருந்தே புழு மருந்து தொடங்க வேண்டும். இந்தப் புழு குழந்தைகளுக்கும் தொற்றும். குட்டியைத் தூக்கி விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தப் பழக்கத்தைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

குட்டிக் கடி சின்னக் கடியா?

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கவனமாகப் படிக்க வேண்டும்.

"குட்டிதானே கடித்தது, பால் பல்தானே, ஒன்றும் ஆகாது" என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் வைத்துக் கட்டுகிறார்கள். இது பெரிய ஆபத்து.

வெறிநோய் குட்டிக்கும் வரும். வெறிநாய் ஒன்று கொட்டகைக்குள் புகுந்து குட்டியைக் கடித்திருந்தால், வெளியே யாருக்குத் தெரியும்? மனிதருக்கு நோய் முற்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் கடித்த உடனே முறையாக ஊசி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம்.

1885-ல் பிரான்சு நாட்டில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்தது. லூயி பாஸ்டர் தாம் கண்டுபிடித்த மருந்தை அவனுக்குக் கொடுக்கச் செய்தார். பையன் பிழைத்தான். பாஸ்டரின் பெயரால் நம் நீலகிரியில், குன்னூரில், 1907-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தயாரித்துக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய நிலையம் அது.

ஆகவே குட்டி கடித்தாலும், பல்லால் கீறினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் காலத்தில் மறக்காமல் திருப்பிப் போட வேண்டும்.

மலை வேறு, ஊர் வேறு

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மலையடிவாரத்தில் சேலம். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரப் பயணத்தில் குளிரில் இருந்து வெயிலுக்கு வந்துவிடலாம். மனிதர் சமாளித்துக்கொள்வார். நாய்?

"இது ஹஸ்கி சார், பஞ்சுபோல இருக்கும்" என்று ஒருவர் காட்டுவார். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் அது. ஏற்காட்டு மார்கழியில் அது குஷியாகத்தான் இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் அதன் கதி என்ன? மலையில் நிற்கும் அழகைப் பார்த்துச் சமவெளிக்கு வாங்கக்கூடாது.

அதேபோல, குட்டை மயிர் உடைய நம் நாட்டு நாயை மலையில் வளர்ப்பவர்கள் குளிருக்குக் கதகதப்பான படுக்கை போட வேண்டும். ஈரச் சாக்கு கூடாது. காப்பித் தோட்டங்களில் திரியும் நாய்க்கு உண்ணி ஏறும். உண்ணியால் காய்ச்சல் வரும், இரத்தம் குறையும். காது மடலையும் விரல் இடுக்கையும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

குட்டியைக் கீழே கொண்டுவரும்போது புறப்படுவதற்குச் சற்று முன் வயிறு முட்டப் பால் கொடுக்கக்கூடாது. வளைவுகளில் வாந்தி எடுத்துவிடும். வழியில் டீக்கடை வாசலில் இறக்கி விடவும் கூடாது. பல நாய்கள் திரியும் மண் அது. பார்வோ அங்கேயும் காத்திருக்கலாம்.

பரிதாபத்துக்கு வாங்கலாமா?

இனித்தான் சங்கடமான கேள்வி.

தாய் மெலிந்திருக்கிறது. கொட்டகை நாறுகிறது. குட்டிகளின் கண்ணில் பீளை. ஊசி இல்லை. விற்பவருக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. குழந்தை அழுகிறாள்: "பாவம்ப்பா! இங்கேயே விட்டா செத்துப்போயிடும்பா!"

அம்மாவின் மனமும் இளகுகிறது. "ஏங்க, வாங்கிடலாமே. ஒரு உயிரைக் காப்பாத்தின புண்ணியம்."

நல்ல மனம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு குட்டியும் விற்றுவிட்டால் விற்பவர் என்ன நினைப்பார்? "செலவே இல்லை, நல்ல வரும்படி" என்றுதான் நினைப்பார். அந்தத் தாய் மறுபடியும் சினையாகும். அதே கொட்டகை. அதே சாக்கு. ஒரு குட்டியைக் காப்பாற்றக் கொடுத்த பணம், அடுத்த ஆறு குட்டிகளைக் கஷ்டப்படுத்தும் முதலாகிவிடும்.

ஆகவே பரிதாபம் வேண்டும். பரிதாபத்துக்குப் பணம் கொடுத்து வாங்குவது கூடாது. நோயில் இருக்கும் குட்டிகளைப் பற்றிக் கால்நடை மருந்தகத்தில் சொல்லலாம். மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். விற்பவரிடமே முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லலாம்: "தம்பி, இவற்றுக்கு முதலில் வைத்தியம் பாருங்கள்."

சொல்லுவது கசக்கும். ஆனால் அந்தத் தாய்க்கு அதுதான் நன்மை.

புதியவருக்கு ஒரு வார்த்தை

குட்டி விற்கும் அந்த இளைஞரையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடக்கூடாது. அவருக்கும் சில விஷயம் தெரிய வேண்டும்.

நாயின் சினைக் காலம் சுமார் 63 நாள். அந்த நாட்களில் நல்ல சாப்பாடு வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் வரைக்கும் போனால், செலவு கையைக் கடிக்கும். ஆறு குட்டிக்கும் புழு மருந்து, ஊசி, சாப்பாடு. கணக்கு ஒழுங்காகப் போட்டுப் பார்த்தால், யோக்கியமாகக் குட்டி எடுப்பவருக்கு ஒரு ஈற்றில் பெரிய லாபம் நிற்காது. லாபம் கொட்டுகிறது என்றால் ஏதோ ஒரு செலவை மிச்சப்படுத்துகிறார் என்று பொருள். மிச்சப்படுத்துவது பெரும்பாலும் ஊசியைத்தான்!

குட்டி எடுக்க மனம் இல்லாதவர் பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. கேட்பாரற்ற குட்டிகள் தெருவில் திரியாமல் இருப்பது புண்ணியம்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லையா? இருக்கிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சேலத்துக்குப் பக்கத்திலேயே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்படக்கூடாது. தெரியாததைக் கேட்பவர் ஒரு நாள் அனுபவசாலி ஆவார். கேட்காதவர் பத்து ஈற்று எடுத்தாலும் புதியவர்தான்.

தெருவில் ஒரு குட்டி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து இன நாய்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நம் ஊர்த் தெருக்களில் பிறக்கும் நாட்டுக் குட்டி நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடல். காவலில் யாருக்கும் இளைத்தது இல்லை. ஊசி போட்டு, அன்பு காட்டினால், அதுவும் வாசலில் படுத்து உயிரைக் கொடுக்கும். வாலை ஆட்டும்போது சாதி தெரியாது!

முடிவு என்ன?

மறுபடியும் ஏற்காட்டுக் கொட்டகைக்கு வருவோம்.

அப்பா குட்டியை மெதுவாகத் தாயின் பக்கத்தில் விட்டார். தாய் அதை நக்கிக்கொடுத்தது. தாய் சுத்தமாகத்தான் இருந்தது. ஆளைக் கண்டு பயப்படவில்லை. இளைஞரிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"தகப்பன் நாய் எது, தம்பி? பார்க்க முடியுமா?"

"பக்கத்து எஸ்டேட்டில் இருக்கு, சார். வாங்க, காட்டறேன்."

"ஊசி, புழு மருந்து?"

இளைஞர் தலையைச் சொறிந்தார். "இன்னும் போடலை சார். எப்போ போடணும்னு சரியாத் தெரியலை."

"ஒருவேளை எங்களால் வளர்க்க முடியாமல் போனால் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?"

"அது நம்ம குட்டி சார். எப்போ வேணும்னாலும் கொண்டு வாங்க."

அப்பாவுக்குத் திருப்தி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற ஆள்! இவரிடம் வாங்கலாம். ஆனால் இன்றைக்கு அல்ல.

"தம்பி, குட்டிகளையும் தாயையும் டாக்டரிடம் காட்டுங்கள். புழு மருந்து கொடுங்கள். ஊசி போட்டு, புத்தகம் வாங்கி வையுங்கள். பதிவு செய்யவும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தக் குட்டிக்கு ஊசிச் செலவு என்னுடையது. மூன்று வாரம் கழித்து, எட்டு வாரம் ஆனதும் வந்து எடுத்துக்கொள்கிறோம்."

இளைஞர் தலையை ஆட்டினார். குழந்தையின் கண்ணில் நீர் முட்டியது.

20 வளைவுகளிலும் அவள் அப்பாவிடம் பேசவில்லை. பரவாயில்லை. மூன்று வாரம் காத்திருந்து அழுவது, ஏழே நாளில் இழந்து அழுவதைவிட மேல்.

அனுபவம் இல்லாதவரிடம் வாங்கலாமா? தாயைக் காட்டினால், எட்டு வாரம் பொறுத்தால், டாக்டரிடம் போகச் சம்மதித்தால், குட்டியைத் திரும்ப ஏற்க மனம் இருந்தால், தாராளமாக வாங்கலாம். இதில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும்!

நல்ல வாங்குபவர்கள் இருந்தால் நல்ல வளர்ப்பாளர்கள் உண்டாவார்கள். குட்டியை வளர்ப்பவர் விற்பவர். அந்த விற்பவரை வளர்ப்பவர் யார்? வாங்குபவர்தான்!